கீழ் அம்புக்குறி

கீபோர்டு அன்பரசுவின் நெற்றியில் இறங்கிய வேகத்தில் நாலைந்து எழுத்துக் கட்டைகள் தெறித்துக் கட்டிலடியில் ஓடின. "என் தங்கச்சியும் நீயும் என்ன பாஷையிலடா லெட்டர் எழுதிக்கிறீங்க?" என்று செம்பியன் மறுபடி ஓங்கினான்.

"அண்ணே, அது பாஷை இல்லண்ணே, ஃபான்ட்டு..." என்று ஆரம்பித்தான் அன்பரசு. அடுத்த குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அன்பரசு சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். எம்.சி.ஏ. படிக்கும் செம்பியனின் தங்கை அனுப்பிரியாவுக்காகத்தான் முதலில் இந்த வீட்டுக்கு வந்தான். இருந்த விண்டோஸைக் கெடுக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றி, ஒரே பெட்டியில் இரண்டும் ஓடும்படி செய்து கொடுத்தான். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று பத்து விநாடி கேட்கும். கீழ் அம்புக்குறியை அழுத்தி என்டர் தட்டினால் விண்டோஸ், சும்மா இருந்தால் லினக்ஸ்.

அண்ணன்காரனுக்கு அது எங்கே தெரியும்? அன்று காலை ஆன் செய்துவிட்டுச் சும்மா இருந்தான். முன்பின் பார்க்காத திரை வந்தது. தங்கை அடித்து வைத்திருந்த கடிதம் ஒன்றைத் திறந்தால் 'vq;fs; mz;zd;' என்று பக்கம் முழுக்க இதே கூத்து. காதலர்களின் ரகசிய எழுத்து என்று முடிவு கட்டிவிட்டான். தங்கை காலேஜுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, சிஸ்டம் ரிப்பேர் என்று போன் போட்டு அன்பரசுவை வரவழைத்து, கதவைத் தாழ் போட்டான்.

செம்பியனுக்கு முப்பத்தாறு வயது. எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற குணத்தால் ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. எட்டாவதாகக் கீரப்பாளையத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. இப்போது தங்கை பேர் கெட்டால் அதுவும் போச்சு. அந்தப் பயம்தான் அவன் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நா கடலூர் கம்பெனிக்கி ஷிஃப்டுக்குப் போற நேரமாப் பாத்து மூணு தடவ வந்திருக்க. அண்ணன் எத்தினி மணிக்கி வருவாரு, குடிப்பாரா, கோவம் ஜாஸ்தியான்னு எங்கம்மாகிட்டயே வாயப் புடுங்கியிருக்க. எதுக்குடா?"

அன்பரசுவின் கண் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது. செம்பியன் அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"வுடுடா பாவி, செத்துகித்துப் போயிடப் போறான்!" என்று அம்மா மாரியம்மாள் குறுக்கே விழுந்தாள். அவளையும் ஒரு தள்ளு தள்ளினான்.

"அந்தத் தமிழ் ஃபான்ட்டு விண்டோஸ்லதான் இருக்கு, அதுல தொறந்தா தமிழ்ல தெரியும்ணே. அடிக்காம வுட்டா காட்டுறேன்."

"காட்டு. காதல் கடுதாசியா மட்டும் இருந்துச்சு, ஒன் கழுத்து இருக்காது." அன்பரசுவின் பையிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவன் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

அன்பரசு கீபோர்டைத் திரும்பச் செருகி ரீஸ்டார்ட் செய்தான். பத்து விநாடி ஓடத் தொடங்கியது. கீழ் அம்புக்குறியைத் தேடினால் அந்த இடம் மொட்டையாக இருந்தது, கட்டை தெறித்துப் போயிருந்தது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைப்பதற்குள் நேரம் முடிந்து லினக்ஸே வந்துவிட்டது.

"ஏமாத்துறியாடா?" விலாவில் ஓர் உதை. அன்பரசு மடங்கி விழுந்தான். பாவம், தப்பு செய்தவன்கூட இவ்வளவு வாங்கியிருக்க மாட்டான்.

இரண்டாம் தடவை ரீஸ்டார்ட் செய்து, கீபோர்டைக் கீழே இழுத்து, தரையில் கிடந்தபடியே மொட்டை இடத்தில் விரல் நகத்தை விட்டு அழுத்தினான். விண்டோஸ் வந்தது. கடிதத்தைத் திறந்தான். அதே எழுத்துகள், இப்போது நல்ல தமிழில்.

செம்பியன் வாய்விட்டுப் படித்தான். "கீரப்பாளையம் ராஜமாணிக்கம் ஐயா அவர்களுக்கு. எங்கள் அண்ணன் செம்பியனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. இதுவரை யார் மேலும் கை வைத்ததில்லை. வீட்டில் யாராவது குரலை உயர்த்தினாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்..."

மேலே படிக்க முடியாமல் நின்றான். ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது.

"பொண்ணூட்டுக்கு எழுதுன லெட்டருடா. ஒனக்கு ஒரு கல்யாணம் ஆவட்டுமேன்னு அந்தப் புள்ள இம்மாம் பொய்யி எழுதியிருக்கு" என்று தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள் மாரியம்மாள்.

செம்பியன் அன்பரசுவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தன் துண்டாலேயே ரத்தத்தைத் துடைத்தான்.

"தம்பி, ஒன் கால்ல வேணா வுழறேன். வெளிய மட்டும் சொல்லிடாத. கீரப்பாளையத்துக்காரங்க காதுக்குப் போச்சுன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க. இதையும் வுட்டா எனக்கு வேற எடமே கெடையாது."

அன்பரசு சிதறிய சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மெல்ல எழுந்தான். விலாவைப் பிடித்தபடி வாசல் வரை நடந்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத் திரும்பினான்.

"மாப்பிள்ளைக்கிக் கோவம் வருமான்னு பாத்துட்டு வரச் சொல்லித்தாங்க கீரப்பாளையத்துலேருந்து எங்கப்பா என்னை அனுப்புனாரு."