பல் விளக்காதவள்

"வாயை நல்லாத் திறங்கம்மா. இப்படிப் பாதி திறந்தா நான் எதைப் பார்க்கிறது?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் திறந்தாள். முகக்கவசத்தையும் மீறி அந்த வாடை பல் மருத்துவ மாணவியின் மூக்கில் ஏறியது. கீழ்வரிசையில் பல்லும் ஈறும் சேரும் இடமெல்லாம் மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது. நுனி வளைந்த கம்பி பட்டதுமே ரத்தம் கசிந்தது.

மாணவியின் கை நின்றுவிட்டது.

"என்னம்மா இது? போன தடவை பார்த்தப்ப இவ்வளவு இல்லையே! பல்லு விளக்குறீங்களா, இல்லையா?"

"எங்க டாக்டர் நேரம்? விடிஞ்சா கேன்டீன்ல ஊரார் பாத்திரமெல்லாம் விளக்குறேன். என் பல்லை விளக்கத்தான் கை வர மாட்டேங்குது."

"ரெண்டு நிமிஷம்! அதுக்குக்கூடவா நேரமில்ல? பல்லு என்ன நகமா, வெட்ட வெட்ட முளைக்க?"

"மெதுவாப் பேசுங்க டாக்டர். உங்க பெரியவர் வர்றாரு."

தேர்வாளர் வந்தார். காலையிலிருந்து இது அவருக்குப் பதினாலாவது வாய். கண்ணுக்குக் கீழே தூக்கம் பையாகத் தொங்கியது. படிவத்தைப் புரட்டினார்.

"போன செய்முறைத் தேர்வுல ஃபெயிலானது நீதானே?"

"ஆமா சார். பேஷண்டுக்கு ஈறு நோய் முத்தலைன்னு கேஸைத் தள்ளிட்டீங்க."

"முத்தாததை வச்சு என்னத்தைப் பரீட்சை வைக்கிறது? இந்த மறுதேர்வும் போச்சுன்னா?"

"ஆறு மாசம் காத்திருக்கணும் சார். ஒரு கிளினிக்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுவும் போயிடும்."

அவர் குனிந்து பார்த்தார். தூக்கம் கலைந்தது.

"அடேயப்பா! இதுல்ல கேஸு! எங்க பிடிச்சே இந்தம்மாவை?"

"வெளிநோயாளி வரிசையில சார்." மாணவி நிமிராமல் சொன்னாள்.

"இவ்வளவு வயசாகியும் பல் விளக்கத் தெரியல பாரு. மாடு மாதிரி. தின்னோமா, படுத்தோமா, அவ்வளவுதான்."

மாணவியின் விரல்கள் கம்பியை இறுக்கின. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படிவத்தில் மதிப்பெண் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நாற்காலியில் இருந்தவள்தான் சிரித்தாள். "மாடாவது நாள் பூரா அசை போடுது சார். எனக்கு ஒரு வாய் சோறு மெல்லவே உசிரு போகுது."

"பேச்சுக்குக் குறைச்சலில்ல. சரி, பல் எப்படி விளக்கணும்னு இந்தம்மாவுக்கு விளக்கு. பார்ப்போம்."

மாணவி மேசையிலிருந்த மாதிரித் தாடையையும் மிருதுவான பிரஷையும் எடுத்தாள்.

"நல்லாப் பாருங்கம்மா. பிரஷை ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வைக்கணும். பாத்திரம் தேய்க்கிற மாதிரி அழுத்தக் கூடாது. சின்னச் சின்னதா அசைச்சு, ஈறுலேருந்து பல்லுப் பக்கமா இழுக்கணும். உள்பக்கமும் இப்படித்தான். காலையில ஒரு தடவை, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ரத்தம் வந்தா பயந்து நிறுத்திடாதீங்க. அழுக்கு போனாத்தான் ரத்தம் நிக்கும். நிறுத்தினா... பல்லெல்லாம் ஆடிப் போயிடும்மா."

கடைசி வரியில் குரல் உடைந்தது. பரீட்சைப் பயம் என்று தேர்வாளர் நினைத்துக்கொண்டார். பிறகு அவள் காரையைச் சுரண்டி எடுக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒரு தடவைகூட முனகவில்லை.

"கை சுத்தம். பாஸ்," என்று கையெழுத்தைக் கிறுக்கினார். "அந்தம்மாவுக்கு ஒரு பிரஷ் குடுத்து அனுப்பு. அடுத்தது யாரு?"

அவர் பதினைந்தாவது வாயைத் தேடிப் போனார்.

மாணவி கழுத்துத் துணியை அவிழ்த்தாள். முகக்கவசத்தின் மேல்விளிம்பு நனைந்திருந்தது. நாற்காலியில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்குடி அழறே? சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்தா மார்க் கிடையாதுன்னு சொன்னேல்ல, வாயைத் திறந்தேனே தவிர, வாய் தவறல பாரு. ஈறு முத்தலைன்னு ஃபெயில் பண்ணிட்டாங்கன்னு ரெண்டு மாசம் முன்னாடி போன்ல அழுதியே, அன்னைக்கு நிறுத்தினது. அதான் பாஸாயிட்டியே, இனிமே அம்மா பல்லு விளக்கலாமா?"