ஒரு மணி வானிலை

சரியாக ஒரு மணிக்குத் தையல் கடையில் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"அங்க மழை பெய்யுதா?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையோ நாலு தெரு தள்ளித்தான். இங்கே காயும் வெயில் அங்கே மட்டும் சும்மா இருக்குமா?

எதிர் மேஜையில் காஜா எடுக்கும் அக்கா ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். ஏழு வருடமாகத் தினமும் இதே கேள்விதான். மகளுக்கு வானிலை ஆபீஸில் வேலை என்று முதல் வருடம் முழுக்க அவள் நம்பியிருந்தாள்.

அம்மாவும் என்னதான் செய்வாள்? சோற்றைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் மகள் நடுங்கிய காலத்தில், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாப்டியான்னு கேக்காதீங்க. தட்டையே பாத்துக்கிட்டு உக்காராதீங்க. இளைச்சுட்டே, பெருத்துட்டேன்னு வாயைத் திறக்காதீங்க."

ஒரு தாயிடமிருந்து 'சாப்டியா'வைப் பிடுங்கிக்கொண்டால் பேச மிச்சம் என்ன இருக்கிறது? மழைதான் இருந்தது.

எந்த வெயிலிலும் "பெய்யுதும்மா" என்றால் சாப்பிட்டாச்சு என்று அர்த்தம். அதை மகள் சொல்லும் குரலை வைத்தே உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று அம்மா கணித்துவிடுவாள். நாள் முழுக்க அடுத்தவர் இடுப்பை அளக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? மகள் தேறி ஐந்து வருடமாகியும் அவள் இதை விடவில்லை. வந்த நோய்க்கு வீட்டுக்கு வழி தெரியுமே என்ற பயம்.

இன்று எதிர்முனையில் வெறும் மூச்சுதான் வந்தது. அம்மா போனைக் காதோடு அழுத்தினாள்.

பிறகு வெடித்தது.

"மழையும் இல்ல, மண்ணும் இல்ல! பேரெழுதி பிரிட்ஜ்ல வெச்சிருந்த என் டப்பாவை எவனோ தின்னுட்டாம்மா! ரெண்டு முட்டை வேற வெச்சிருந்தேன்! பசி உயிர் போகுது!"

பசி. அந்த வார்த்தையை மகள் வாயால் கேட்டு எத்தனை காலம்! முன்பெல்லாம் 'சாப்டியா' என்று கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பாள். சோறு பால்கனித் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் செடி கொழுகொழுவென்று வளர்ந்தது, பெண் ஈர்க்குச்சி ஆனாள்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடன் யாரென்று தெரிந்தால் அளவெடுத்து அவனுக்கு ஒரு சட்டையே தைத்துக் கொடுத்துவிடுவாள்.

"அவன் நல்லா இருக்கட்டும்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வெளிய ஏதாவது வாங்கி..." டாக்டர் ஞாபகம் வர, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்கிட்டேன். பன்னைத் தின்னுக்கிட்டேதான் பேசறேன். பத்தாது, இன்னொண்ணு வாங்கணும்." மகள் மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. "சரி, நீ சாப்டியா?"

அந்தக் குடும்பத்தில் ஏழு வருடம் கழித்து ஒருத்தி அதைக் கேட்டேவிட்டாள்.

"ஆச்சு, ஆச்சு" என்றாள் அம்மா.

மெஷின் பக்கத்தில் அவளுடைய டப்பா மூடியபடியே இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட, மகளின் மழைக்கு முன்னால் அதை அவள் திறந்ததில்லை. இப்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக மூடியை நெம்பினாள்.

எதிர்முனையில் மெல்லும் சத்தம் நின்றது.

"பொய். மூடி திறக்கிற சத்தம் கேக்குது. இந்த 'ஆச்சு'வை நீ எங்கிட்டயே சொல்றியா?"