மணியை விழுங்கிய ஃபைல்

எம்.பி.த்ரீயில் மணி மறுபடியும் காணாமல் போயிருந்தது.

ஒலிக்கலவைக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டார். தாலாட்டுப் பாட்டு அது. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் ஒரு சின்ன மணி உச்ச ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் திரையில் ஒலியளவைக் காட்டும் பச்சைக்கோடு ஒழுங்காகத் துள்ளியது. காதில்தான் ஒன்றும் விழவில்லை.

கலக்கும்போது லேசாகக் கேட்ட மாதிரி இருந்த மணி, எக்ஸ்போர்ட் செய்து ஃபைலாக்கியதும் எங்கே போகிறது? ஃபைலைச் சின்னதாக்குகிறேன் என்று மெல்லிய ஓசைகளை எம்.பி.த்ரீ கத்தரித்துத் தள்ளிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? தொழிலில் 'பாம்புக்காது' என்று பேர் வாங்கியவர்.

மணியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி, சுருக்காத வேவ் ஃபைலாகப் பாடகிக்கு அனுப்பினார். அது மலை மாதிரி இருக்கிறது, போனில் இறங்கவே மாட்டேன் என்கிறது, எம்.பி.த்ரீயாகவே கொடுங்கள் என்று அவள் செய்தி போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மணியை மேலும் ஒரு பிடி ஏற்றி, அப்படியே கொடுத்தார்.

சற்று நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மணியைக் குறைங்கண்ணே. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு. காதைக் குத்துது."

"இல்லாத மணியை எங்கேருந்தும்மா குறைக்கிறது?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாளைக்குப் பாட்டு வெளியாகிறதாம். அண்ணனுக்குச் சிரமமாக இருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்து முடித்துக்கொள்கிறாளாம்.

அவருக்குச் சுருக்கென்றது. அவளுடைய முதல் பாட்டிலிருந்து எல்லாமே அவர் கலந்து கொடுத்ததுதான். கழற்றிவிடுவதென்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு சாக்குத் தேடுகிறாள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் கேட்காத மணி யாருடைய காதையாவது குத்துமா?

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில், எதையும் சுருக்காமல் எக்ஸ்போர்ட் செய்தார். ஹெட்போனை நம்பாமல் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

குரல் இழைந்து இறங்கியது. சரணம் முடிந்தது. பச்சைக்கோடு உச்சிவரை துள்ளியது.

மணி இல்லை.

சுருக்காத ஃபைலிலுமா? பாட்டைப் பின்னால் இழுத்துப் போட்டார். திரும்பவும் போட்டார். சாஃப்ட்வேரே கெட்டுப்போயிருக்கிறது, இனி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது கதவு திறந்தது.

ஈரக்கையோடு மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க, அந்த மணியைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். அடுப்படி வரைக்கும் காதைப் பிளக்குது."