மரங்கொத்தி தட்டிய தாளம்

எதிர்மரத்துக்குத் தாவும் போட்டி நெருங்க நெருங்க, அணிலுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆனால் இரண்டு கிளை ஏறினாலே மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது.

"எல்லாம் சந்தோஷப் படபடப்புதான்டா" என்றது அணில்.

நண்பன் மரங்கொத்தி அதன் நெஞ்சில் காதை வைத்தது. கேட்டதை அப்படியே மரத்தில் தட்டிக் காட்டியது: டக்டக்... டக்... டக்டக்டக்... டக்.

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "இது ஒரு தாளமா? எவன்டா இப்படித் தாறுமாறா அடிக்கிறான்?"

"உன் நெஞ்சுதான்."

அணிலின் சிரிப்பு நின்றது. அன்றைக்கே இரண்டும் கரடி வைத்தியரிடம் போயின. அவர் கொடுத்த கசப்பு வேரை அணில் தினமும் தின்றது.

போட்டி நாளில் ஒரே தாவலில் எதிர்மரத்தில் போய் நின்றது. காடே ஆரவாரம் செய்தது.

"ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்குடா அந்தக் கசப்பு?" என்றது மரங்கொத்தி.

அணில் முகத்தைச் சுளித்தபடி வேரைக் கடித்தது. "அடுத்த மரம் இதைவிடத் தூரம்டா."