மரத்தடியில் ஒருவர்

டோங்கா தீவு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் மாரிசெல் பிலிப்பைன்ஸிலிருந்து புதிதாக வந்திருந்தாள். தண்ணீருக்கு 'வை', நன்றிக்கு 'மாலோ' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, படுத்த படுக்கையாகக் கிடந்த கலோலைனிதான்.

தினமும் ஒரு பெரியவர் அவித்த கிழங்கை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். இருட்டும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

"யாருக்கா அவரு?"

"என் துவொங்கஅனே," என்றாள் கலோலைனி.

அந்தச் சொல் மாரிசெலுக்குத் தெரியாது. விட்டுப்போன புருஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கலோலைனிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்று மாரிசெலுக்குப் பொறுக்கவில்லை.

"சாகக் கிடக்குறவங்ககிட்ட என்னங்க வீம்பு? வந்து ஒரு வார்த்தை பேசுங்க!" என்று கையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்து வந்தாள்.

கலோலைனி பதறிப்போய் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் தலைகுனிந்து வெளியேறினார். மரத்தடியிலும் உட்காரவில்லை.

விடிவதற்குள் கலோலைனி இறந்துபோனாள்.

"துவொங்கஅனேன்னா என்ன?" என்று உள்ளூர் நர்ஸ் சேய்னியிடம் கேட்டாள் மாரிசெல்.

"கூடப்பிறந்தவன். பொம்பளைங்க மட்டும் சொல்ற சொல்லு. அக்கா தங்கச்சி படுத்திருக்கிற அறையில அவன் கால் வைக்கக் கூடாது. எங்க ஊர்ல அதான் மரியாதை."

சாவு வீட்டின் கொல்லையில், அந்த ஊர் துக்க வழக்கப்படி கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்காக அவர் சமைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கய்யா," என்று அழுதாள் மாரிசெல்.

"அழாதம்மா. சின்ன வயசுக்கப்புறம் நேத்துதான் அவளை அவ்வளவு பக்கத்துல பார்த்தேன். அச்சு அசல் எங்கம்மா மாதிரியே ஆயிட்டா."