ரோஹிணி தராத அனுமதி

"கிரண்குமாருக்கு மட்டும் ரெண்டு நிமிஷத்துல ஓகே ஆவுது. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு நாள் ஆவுது?"

மணிவேல் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது.

ரோஹிணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "உங்க ரிக்வெஸ்ட் இப்ப என்கிட்ட வர்றதில்லீங்க. ஹைதராபாத் ஆபீசுக்குப் போவுது. அவங்கதான் பாக்கணும்."

"போன வாரம் வரைக்கும் உன்கிட்டதானே வந்துக்கினு இருந்திச்சி?"

"இப்ப மாத்திட்டாங்க."

"எனக்கு மட்டுமா?"

அவள் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "சாயங்காலம் டிரெயின்ல வாங்களேன். பேசலாம்."

"எனக்கு வேலை கீது" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

திருப்பதியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எதையும் திறக்கலாம். இந்த வருஷம் எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு லாகின். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம், எத்தனை மணி நேரத்துக்குத் திறக்கலாம் என்பதெல்லாம் ஒரே இடத்தில் முடிவாகும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் ரோஹிணி. மருந்து ஸ்டோரில் இருந்த மணிவேல், வார்டு கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் தந்துகொண்டுதான் இருந்தாள்.

நாலு வருஷமாக ஒரே ரயில். அவள் நகரியில் ஏறுவாள், அவன் புத்தூரில். போன வாரம் திங்கட்கிழமை, திருப்பதி ஸ்டேஷனில் இறங்கும்போது துணிந்து கேட்டுவிட்டான்.

"என்னைக் கட்டிக்கிறியா ரோஹிணி?"

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "யோசிச்சி சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே அவன் கேட்ட அனுமதி ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. அது மட்டுமா? நாலு வருஷமாக "மணி, நீ வா, நீ போ" என்றவள் திடீரென்று "வாங்க, போங்க" என்றாள். இதைவிட வேறு பதில் என்ன வேண்டும்? அன்று சாயங்காலத்திலிருந்து மணிவேல் பஸ்ஸில் போக ஆரம்பித்தான்.

ஆனால் கிரண்குமார்? லேபில் வேலை செய்கிறவன். இஸ்திரி கலையாத சட்டை. தினமும் காலையில் அவள் மேஜை முன்னால் வந்து, "ரோஹிணி காரு, ஒக்க நிமிஷம்" என்று தெலுங்கில் ஒரு நிமிஷம் கேட்பான். அவன் நின்ற இடத்தை விட்டு நகர்வதற்குள் அனுமதி விழும். ஒருநாள் அவள் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துத் தின்றுகொண்டு நின்றான். அதைப் பார்த்த மணிவேலுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அவள் மேஜை முன்னால் நின்று கேட்டுவிட்டு வந்த மறுநாள் காலை விழுந்ததுதான் தாங்க முடியாத அடி. ஒரு ஊசி மருந்தின் குறிப்பிட்ட பேட்சை உடனே திருப்பி எடுக்கச் சொல்லித் தகவல் வந்தது. எந்த வார்டில் எத்தனை இருக்கிறதென்று மணிவேல்தான் பார்க்க வேண்டும். அனுமதி கேட்டுவிட்டுத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். 'பரிசீலனையில் உள்ளது.' அரை மணி நேரமாக அதே வரி.

கிரண்குமார் ஸ்டோர் வாசலில் தலையை நீட்டினான். "டென்ஷன் வேணாம் அண்ணா. ரோஹிணி எனக்கு ஒரு மணி நேரத்துக்குத் திறந்து குடுத்துட்டாங்க. நானே பாத்துட்டேன். ஐசியூல பன்னெண்டு, மூணாவது வார்டுல நாலு."

தன் வேலை. தன் மருந்து. அதையும் அவனிடம் கொடுத்துவிட்டாள்!

மணிவேல் படியேறி நேராக நிர்வாக அதிகாரி விஜயராகவனின் அறைக்குப் போனான்.

"உக்காருங்கோ. என்ன விஷயம்?"

"ரோஹிணியை அந்த சீட்லேர்ந்து மாத்துங்க சார். வேண்டியவங்களுக்கு ஒரு நியாயம், வேண்டாதவங்களுக்கு ஒரு நியாயம்னு நடந்துக்கினு கீது. எழுதிக் குடுக்கவும் ரெடி."

"வேண்டாதவா யாரு?"

"நான்தான் சார்! பத்து நாளா ஒரு அனுமதி குடுக்கலை. கிரண்குமார் கேட்டா மட்டும் உடனே குடுக்குது."

விஜயராகவன் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு அனுமதி குடுத்தாத்தான் நான் அவளை மாத்தணும். அந்த சீட்ல இருக்கறவா சொந்தக்காராளுக்கு அனுமதி குடுக்கப்படாதுன்னு ரூல் இருக்கு. அவளே முன்வந்து எழுதிக் குடுத்துட்டா. அதனாலதான் உங்களோடதை ஹைதராபாத்துக்கு மாத்தினேன். இதுகூட உங்களுக்குத் தெரியாதா?"

"சொந்தமா? நான் புத்தூர், அது நகரி. ஒரு சொந்தமும் இல்லியே சார்."

அவர் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் திறந்ததுமே ரோஹிணி நிரப்பி அனுப்பிய படிவம் அது. 'பெயர்' என்ற இடத்தில் மணிவேல் என்று இருந்தது. 'என்ன உறவு?' என்ற இடத்தில், 'கட்டிக்கப் போறவர்' என்று எழுதியிருந்தாள்.