கோட்டுக்கு இந்தப் பக்கம்

அக்கா முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு என்று வடிவு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கணினித் திரையில் அக்கா ஆவுடையும் அவளும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நடுவே பத்திரிகை அலுவலகத்தில் யாரோ போட்ட சிவப்புப் பென்சில் கோடு. ஆவுடை கிணற்றில் செத்துக் கிடந்த அன்று, நிருபர் கேட்டதும் அப்பா எடுத்துக் கொடுத்த படம் இது. வீட்டில் வேறு படம் இல்லை. அவசரத்தில் ஆள் மாறி, வடிவின் பாதியை அச்சிட்டுவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘கள்ளக்காதல் விபரீதம்’. நீச்சல் தெரிந்தவள் எப்படி மூழ்கினாள் என்று எவரும் கேட்கவில்லை. அந்தச் செய்தியால் வடிவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றும் ரோஸ்லின் நாற்காலியை அருகே இழுத்தாள்.

“பேப்பர்ல வந்திருக்கிறது உங்க மூஞ்சில்லா? இந்த நாடி மச்சமே சொல்லுதே! உயிரோட இருக்கிற ஆளைக் கொன்னுட்டானுவ பாருங்க. இனிமே உலகத்துல யாரு தேடுனாலும் இது வரும்க்கா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தப் பக்கம் நிக்கிறவங்க படத்தை இங்க மாத்திருதேன்.”

அந்தத் தலைப்புக்குக் கீழே ஆவுடையின் முகம் ஒருநாளும் நின்றதில்லை.

வடிவு முந்தானையால் மோவாய் மச்சத்தை மூடிக்கொண்டாள்.

“சரியாத்தான் போட்டிருக்காவ தாயி. அது எங்க அக்காதான்.”